‘சித்தி’க்கு அடுத்து வந்த வரி: ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின மாணவர் சங்கங்களைப் பற்றித் தமிழில் எழுத என்ன இருக்கிறது?

2020 ஆகஸ்ட் 19 அன்று, அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக கமலா ஹாரிஸ் ஏற்புரை நிகழ்த்தினார். தன் குடும்பம் யார் யார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் ‘சித்தி’ என்றார். அந்த ஒரு சொல் அன்றே தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களையெல்லாம் சுற்றி வந்துவிட்டது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் துளசேந்திரபுரம் அவருடைய தாத்தா ஊர் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதே பட்டியலில் இரண்டு வரி தள்ளி அவர் இன்னொன்றும் சொன்னார்: தன் அன்புக்குரிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் (கல்லூரியில் அவர் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் சங்கம்) தன் குடும்பம், ‘டிவைன் நைன்’ எனப்படும் ஒன்பது கறுப்பின மாணவர் சங்கங்களும் தன் குடும்பம் என்று. அதை நம்மில் பெரும்பாலோர் காதில் வாங்கவே இல்லை. அமெரிக்கக் கறுப்பின வீடுகளிலோ அந்த வரிக்குத்தான் கைதட்டல். சித்திக்கு நாம் எப்படிச் சிலிர்த்தோமோ, அப்படி அவர்கள் இதற்குச் சிலிர்த்தார்கள்.

நான் மேரிலாந்தில் இருக்கிறேன். பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கப்போகும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். அவற்றில் பாதி பயத்தில் கேட்டவை. இந்த அமைப்புகள் எதிலிருந்து பிறந்தன என்று தெரிந்தால் அந்தப் பயம் மரியாதையாக மாறும் என்பது என் நம்பிக்கை.

ஃப்ரெட்டர்னிட்டி, சோராரிட்டி என்றால் என்ன? கிரேக்கர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

லத்தீனில் ‘ஃப்ராட்டர்’ என்றால் சகோதரன், ‘சோரர்’ என்றால் சகோதரி. கல்லூரியில் படிக்கும்போது சேர்ந்து, சடங்கு செய்து உறுதிமொழி எடுத்து, ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பியாக, அக்கா தங்கையாக இருக்க ஒப்புக்கொள்ளும் சங்கங்கள் இவை.

கிரேக்கர்களோடு நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. 1776 டிசம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் சில மாணவர்கள் ஃபை பீட்டா கப்பா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். தங்கள் ரகசியக் குறிக்கோள் வாசகத்தில் வரும் மூன்று கிரேக்கச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார்கள். படித்தவன் என்றால் கிரேக்கமும் லத்தீனும் தெரிந்தவன் என்று இருந்த காலம் அது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்களுக்கான சங்கங்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தே வந்தன. ‘சோராரிட்டி’ என்ற சொல்லையே 1882ல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் லத்தீன் பேராசிரியர் ஒருவர்தான் உருவாக்கிக் கொடுத்தார்.

கறுப்பின மாணவர்கள் தனியாகத் தொடங்கியது ஏன்?

மற்றவர்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. காரணம் அவ்வளவுதான். ஆனால் அது ஒரு மாணவனின் அன்றாட வாழ்க்கையில் எப்படி இறங்கியது என்பதைப் பார்க்க வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற சிறு ஊர். ஊர் கீழே, கார்னெல் பல்கலைக்கழகம் மேலே குன்றின் மீது. அங்கே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதற்குத் தடை இல்லை. உள்ளே வந்த பிறகுதான் பிரச்சினை. தங்க இடம் வேண்டுமென்றால் ஊருக்குள் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளைத் தேட வேண்டும். ஃப்ரெட்டர்னிட்டி வீடுகளுக்குள் அவர்கள் நுழைந்தார்கள், ஆனால் வேலைக்காரர்களாக. சிலர் அங்கே மேசையில் உணவு பரிமாறிச் செலவுக்குச் சம்பாதித்தார்கள். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குப் படிப்பில் சந்தேகம் வந்தால் கேட்க அண்ணன்மார் இருந்தார்கள், வேலைக்குச் சிபாரிசு செய்யப் பழைய மாணவர்கள் இருந்தார்கள், ஊருக்குத் தூரமாக இருக்கும் தனிமைக்குத் துணை இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போனவனுக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை.

1904-05ல் கார்னெலில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் ஆறு பேர். அடுத்த கல்வியாண்டுக்கு அந்த ஆறு பேரில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களை அந்த ஆறு காலி இடங்கள் உலுக்கின. சேர்ந்து படிப்போம், ஒருவரும் பாதியில் போகாமல் பார்த்துக்கொள்வோம் என்று 1905-06ல் ஒரு படிப்புக் குழுவாகக் கூடினார்கள். வேளாண்மையில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த பாயின்டெக்ஸ்டர் என்பவர் குழுவை வழிநடத்தினார். அவருக்கு அது ஓர் இலக்கிய மன்றமாக இருந்தால் போதும். இளையவர்களில் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. மன்றம் என்றால் கல்லூரி முடிந்ததும் கலைந்துவிடும், நமக்கு வேண்டியது கலையாத ஒன்று என்று வாதாடினார்கள். மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. பாயின்டெக்ஸ்டர் விலகிக்கொண்டார். 1906 டிசம்பர் 4 அன்று மீதமிருந்தவர்கள் ஃப்ரெட்டர்னிட்டி என்றே முடிவெடுத்தார்கள். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா பிறந்தது அன்றுதான்.

அந்த ஏழு பேர் யார்? பிறகு என்ன ஆனார்கள்?

ஹென்றி ஆர்தர் காலிஸ், சார்லஸ் ஹென்றி சாப்மன், யூஜின் கிங்கிள் ஜோன்ஸ், ஜார்ஜ் பிடில் கெல்லி, நத்தேனியல் ஆலிசன் மர்ரே, ராபர்ட் ஹெரால்டு ஓகிள், வெர்ட்னர் வுட்சன் டேண்டி. சங்கத்தில் இவர்களை ‘ஏழு ரத்தினங்கள்’ என்று சொல்வார்கள். பெரிய பட்டப்பெயராகத் தோன்றலாம். பின்னாளில் அவர்கள் செய்ததைப் பார்த்தால் பொருத்தம்தான்.

டேண்டி நியூயார்க் மாநிலத்தில் பதிவுபெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர். தலைமுடிப் பராமரிப்புப் பொருட்கள் விற்றுப் பெரும் செல்வம் சேர்த்த மேடம் சி.ஜே. வாக்கருக்கு ஹட்சன் ஆற்றோரம் வில்லா லெவாரோ என்ற மாளிகையைக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். சங்கத்தின் முதல் தலைவரான கெல்லி பொறியாளர் ஆனார். காலிஸ் மருத்துவர் ஆனார். தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்கு வேலை தேடி வந்த கறுப்பின மக்களுக்காக உழைத்த நேஷனல் அர்பன் லீக் அமைப்பைப் பல ஆண்டுகள் நடத்தியவர் ஜோன்ஸ்.

ஒரு கல்லூரிச் சங்கம் எப்படி நாடு முழுக்கப் பரவியது?

அடுத்த ஆண்டே, 1907 டிசம்பரில், வாஷிங்டனில் இருக்கும் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டாவது கிளை தொடங்கிவிட்டது. ஹோவர்டு 1867ல் தொடங்கப்பட்டது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைமுறை ஒழிந்த கையோடு விடுதலை பெற்றவர்களின் கல்விக்காக எழுந்த பல்கலைக்கழகங்களில் முக்கியமானது. கார்னெலில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த கறுப்பின மாணவர்கள் ஹோவர்டில் வளாகம் நிறைய இருந்தார்கள். அங்கே காலூன்றியதுதான் திருப்புமுனை. 1908ல் சங்கத்தின் முதல் மாநாடும் அங்கேதான் நடந்தது. இந்தக் கதையில் இனி வரும் முக்கால்வாசி நிகழ்ச்சிகள் அந்த ஒரே வளாகத்தில் நடந்தவை.

ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா எப்படித் தொடங்கியது?

செயின்ட் லூயிஸிலிருந்து ஹோவர்டுக்குப் படிக்க வந்தவர் எத்தல் ஹெட்ஜ்மன். ஹோவர்டில் பாடம் நடத்திய எத்தல் ராபின்சன், தான் பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பார்த்த சோராரிட்டி வாழ்க்கையைப் பற்றி அவரிடம் சொன்னார். எத்தல் ஹெட்ஜ்மனின் நண்பர், பின்னாளில் கணவரான ஜார்ஜ் லைல், ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவின் ஹோவர்டு கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவர். பையன்கள் சேர்ந்து சங்கம் வைத்ததை எத்தல் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

தோழிகள் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டார். 1908 ஜனவரி 15 அன்று, மைனர் ஹால் என்ற பெண்கள் விடுதியில், அந்த ஒன்பது பேரும் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். சுருக்கமாக ஏ.கே.ஏ. கறுப்பினக் கல்லூரிப் பெண்களுக்கான முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் அது. நிறங்கள் இளஞ்சிவப்பும் ஆப்பிள் பச்சையும். சின்னம் ஐவி இலை, சுவரைப் பற்றி ஏறி எந்தப் பருவத்திலும் பச்சையாகவே இருக்கும் கொடி.

அப்போது பெரும்பாலான மாநிலங்களில் பெண்களுக்கு வாக்குரிமை கிடையாது. கறுப்பினப் பெண்ணாக இருந்தால் கதவு இரண்டு மடங்கு சாத்தியிருக்கும். அந்த நாட்களில் இருபது வயதுப் பெண்கள் ஒன்பது பேர் உட்கார்ந்து தங்கள் அமைப்புக்குச் சட்டதிட்டம் எழுதினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

அந்த ஒன்பது பேரில் லூசி டிக்ஸ் ஸ்லோவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1917ல் கறுப்பின வீரர்களுக்கான தேசிய டென்னிஸ் போட்டியில் பட்டம் வென்று, அமெரிக்காவில் தேசிய அளவில் விளையாட்டுப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். 1922ல் தான் படித்த ஹோவர்டிலேயே பெண்கள் பிரிவுக்கு முதல் டீன் ஆனார். மாணவிகள் ஆசிரியை வேலைக்கு மட்டும் தயாரானால் போதாது, வேறு துறைகளுக்கும் போக வேண்டும் என்று கடைசிவரை போராடினார்.

1913ல் ஏ.கே.ஏ.வுக்குள் சண்டை வந்து பிரிந்துவிட்டார்கள் என்கிறார்களே?

பிரிந்தது உண்மை. இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

சங்கத்தைத் தொடங்கியவர்கள் 1912க்குள் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். வளாகத்தில் இருந்த புதிய உறுப்பினர்கள் 22 பேருக்குச் சங்கம் போதவில்லை. பெயர், நிறம், குறிக்கோள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், பொதுப் பிரச்சினைகளில் வெளிப்படையாக இறங்க வேண்டும் என்றார்கள். செய்தி, படிப்பு முடித்து ஆசிரியையாக இருந்த நெல்லி க்வாண்டருக்குப் போனது. அவர் சங்கத்தின் முன்னாள் தலைவி. பெயரை மாற்றவே கூடாது என்று பிடிவாதமாக நின்றார், மனம் மாற்றிக்கொள்ள அவகாசமும் கொடுத்தார். அவர்கள் மாறவில்லை. 1913 ஜனவரி 13 அன்று 22 பேரும் வெளியேறி டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். ஏ.கே.ஏ.வின் தலைவியாக இருந்த மைரா டேவிஸ்தான் புதிய சங்கத்துக்கும் முதல் தலைவி. நேற்று ஒரு கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் இன்று இன்னொன்றுக்குத் தலைமை வகித்தார்.

க்வாண்டர் சும்மா இருக்கவில்லை. ஜனவரி 29 அன்று ஏ.கே.ஏ.வைச் சட்டப்படி பதிவு செய்தார். இனி யார் நினைத்தாலும் அந்தப் பெயரை அழிக்க முடியாது. முதலில் தொடங்கிய ஒன்பது பேரும், அதன் பிறகு சேர்ந்தவர்களும், பதிவு செய்தவர்களுமாக 20 பேரைச் சங்கம் தன் நிறுவனர்களாகப் போற்றுகிறது. ‘இருபது முத்துகள்’ என்பார்கள். ஏ.கே.ஏ. பெண்கள் முத்துமாலை போடுவது இதனால்தான். 2021 ஜனவரி 20 அன்று கமலா பதவியேற்றபோது கழுத்தில் முத்து இருந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

டெல்டா பெண்கள் 22 பேரும் இறங்கிய முதல் பொது நிகழ்ச்சி, 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலம். கறுப்பினப் பெண்கள் ஊர்வலத்தின் கடைசியில் வரட்டும் என்று பேச்சு இருந்த நேரத்தில், தங்கள் பதாகையோடு நடந்தார்கள். மேரி சர்ச் டெரல் என்ற மூத்த போராளியும் அவர்களோடு நடந்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர், டெல்டா போராட்டக்காரர்கள், ஏ.கே.ஏ. வெறும் தேநீர் விருந்துக்காரர்கள் என்று முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. அதே ஊர்வலத்துக்கு முன்னால் ஏற்பாட்டாளர் ஆலிஸ் பாலுக்கு க்வாண்டரும் கடிதம் எழுதினார். ஹோவர்டு மாணவிகளுக்குக் கௌரவமான இடம் வேண்டும், இனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதானால் வர விருப்பமில்லை என்று அதில் சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் முதுகெலும்பு உள்ளவர்கள்தான். அதனால்தான் இரண்டு சங்கங்களும் இன்றுவரை உறுதியாக நிற்கின்றன.

‘டிவைன் நைன்’ என்பதில் மற்றவை எவை?

ஹோவர்டு வளாகத்திலேயே 1911 நவம்பரில் ஒமேகா சை ஃபை. அதே ஆண்டு ஜனவரியில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கப்பா ஆல்ஃபா சை. 1914ல் ஃபை பீட்டா சிக்மாவும் 1920ல் ஜீட்டா ஃபை பீட்டாவும் மறுபடி ஹோவர்டில். 1922ல் இண்டியானாபோலிஸில், கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பு அந்த மாநிலத்தில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஆசிரியைகள் ஏழு பேர் சேர்ந்து சிக்மா காமா ரோவைத் தொடங்கினார்கள். கடைசியாக 1963ல் பால்டிமோரின் மார்கன் ஸ்டேட்டில் அயோட்டா ஃபை தீட்டா.

மொத்தம் ஆண்கள் சங்கம் ஐந்து, பெண்கள் சங்கம் நான்கு. இவற்றுக்குப் பொதுவான கூட்டமைப்பு 1930ல் ஹோவர்டில் உருவானது. அயோட்டா மட்டும் 1990களில்தான் அதில் சேர்ந்தது. ‘தெய்வீக ஒன்பது’ என்ற பெயரே அதன் பிறகு வந்ததுதான்.

ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவும் ஏ.கே.ஏ.வும் அண்ணன் தங்கைச் சங்கங்களா?

சட்டப்படி இல்லை. விதிமுறையிலேயே உறவை எழுதிவைத்திருப்பது ஃபை பீட்டா சிக்மாவும் ஜீட்டா ஃபை பீட்டாவும் மட்டும்தான். ஆனால் ஆல்ஃபாவும் ஏ.கே.ஏ.வும் அவரவர் குழுவில் முதலில் பிறந்தவை, ஆரம்பம் முதலே நெருக்கமானவை. எத்தலும் ஜார்ஜ் லைலும் போல, கணவன் ஆல்ஃபா மனைவி ஏ.கே.ஏ. என்ற வீடுகள் ஏராளம். மார்ட்டின் லூதர் கிங் பாஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது 1952ல் ஆல்ஃபாவில் சேர்ந்தார். அவர் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் ஏ.கே.ஏ.வின் கௌரவ உறுப்பினர்.

படிப்பு முடிந்ததும் இதெல்லாம் முடிந்துவிடும்தானே?

இல்லை. நம்மவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. வெள்ளையரின் சங்கங்கள் பலவற்றில் கல்லூரி நாட்கள்தான் உச்சம். வளாகத்தில் பெரிய வீடு இருக்கும், நான்கு வருடம் அங்கே இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கறுப்பினச் சங்கங்களில் பெரும்பாலும் வீடு இருக்காது, ஆனால் வாழ்நாள் முழுக்க உறுப்பினர். பட்டம் பெற்றவர்களுக்கென்று ஊர் ஊராகத் தனிக் கிளைகள் உண்டு. கல்லூரியில் சேராமல் விட்டவர்கள் நாற்பது வயதில்கூட அந்தக் கிளை வழியாகச் சேரலாம்.

என் பக்கத்துத் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஏ.கே.ஏ. மாதக் கூட்டத்துக்குப் போகும் நாளில் பச்சைக் கோட்டும் இளஞ்சிவப்புக் கழுத்துத் துணியுமாகக் காலையிலேயே வாசலில் தயாராக நிற்பார். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி காரில் வந்து அழைத்துப் போவாள். ஒருவரை ஒருவர் ‘சோரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அது நம் ‘அக்கா’ மாதிரிதான் காதில் விழும். அவர் மறைந்தபோது வெள்ளை உடை உடுத்திய பெண்கள் வரிசையாக வந்து தங்கள் சடங்கைச் செய்து வழியனுப்பினார்கள். அதற்கான முறையே சங்கத்தில் இருக்கிறது. பிறந்த வீட்டுச் சீர் வருவது மாதிரி இருந்தது எனக்கு.

சரி, நல்ல தோழமை. அதைத் தாண்டி உருப்படியாக என்ன செய்தார்கள்?

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்: மிசிசிப்பி சுகாதாரத் திட்டம்.

1934ல் ஐடா ஜாக்சன் என்ற ஏ.கே.ஏ. தலைவி, மிசிசிப்பியின் ஹோம்ஸ் மாவட்டத்தில் கிராமத்து ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி நடத்தப் போனார். பாடம் சொல்லித்தருவதற்கு முன்னால் அங்கே வேறு ஒன்று தேவைப்பட்டது. பருத்தித் தோட்டங்களில் குத்தகைக்கு உழைத்த குடும்பங்களுக்கு மருத்துவரையே தெரியாது. அடுத்த ஆண்டு டாக்டர் டாரதி போல்டிங் ஃபெரிபி தலைமையில் சங்கத்தின் பெண்கள் மருத்துவக் குழுவாகப் புறப்பட்டார்கள். மருத்துவர்கள், செவிலியர்கள், ஆசிரியைகள், எல்லோரும் தங்கள் விடுமுறையைக் கொடுத்தவர்கள். கறுப்பினத்தவரைத் தங்கவைக்க வழியில் விடுதி கிடைப்பதே அரிதான தெற்கு மாநிலங்கள் வழியாகச் சொந்தக் கார்களை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

போய்ச் சேர்ந்து மருத்துவ முகாமைத் திறந்தால் கூட்டம் வரவில்லை. தோட்ட முதலாளிகளுக்குச் சந்தேகம்: வடக்கிலிருந்து வந்த படித்த கறுப்பினப் பெண்கள் எங்கள் ஆட்களிடம் என்ன சொல்லிக்கொடுப்பார்களோ? வேலையை விட்டுப் போகக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். சரி, அவர்கள் வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று மருந்தையும் ஊசியையும் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார்கள். இடுப்பில் துப்பாக்கியோடு கங்காணிகள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மண் சாலை ஓரத்தில் குழந்தைகளுக்குப் பெரியம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளைப் போட்டார்கள். இப்படி 1942 வரை ஒவ்வொரு கோடையும் போனார்கள். உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்த பிறகுதான் கார்கள் நின்றன.

ஆல்ஃபாக்கள் பக்கம் பார்த்தால், 1935ல் மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கதவைத் திறக்கவைத்த, டொனால்டு மர்ரே என்ற கறுப்பின மாணவரின் வழக்கு. வாதாடிய சார்லஸ் ஹூஸ்டனும் துர்குட் மார்ஷலும் ஆல்ஃபாக்கள். கறுப்பினத்தவரை எடுக்காது என்று தெரிந்ததால் மார்ஷல் அந்தக் கல்லூரியில் சேர முயலாமல் ஹோவர்டுக்குப் போய்ப் படித்தவர். அந்தக் கதவையே நீதிமன்றத்தில் உடைத்தார், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். வாஷிங்டனில் இருக்கும் மார்ட்டின் லூதர் கிங் நினைவிடமும் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா எடுத்துக்கொடுத்த வேலைதான். 1984ல் சங்கத்துக்குள் எழுந்த யோசனை, 1996ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அனுமதி, அப்புறம் பல வருடம் நன்கொடை திரட்டி 2011ல் திறப்பு. தங்கள் சகோதரனுக்கு எடுத்த நினைவுச் சின்னம் என்று அவர்கள் பெருமையாகச் சொல்வதில் ஒரு துளிகூட மிகையில்லை.

வளாகத்தில் வரிசையாக நின்று காலைத் தட்டி ஆடுகிறார்களே, அது என்ன?

அதற்கு ‘ஸ்டெப்பிங்’ என்று பெயர். வாத்தியம் கிடையாது. பாதம் தரையில் மோதும் ஓசை, தொடையில் விழும் கைத்தட்டு, ஒருமித்த குரல், இவ்வளவுதான் தாளம். ஹோவர்டில் ‘யார்டு’ என்று சொல்லும் நடு மைதானத்தில் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். பன்னிரண்டு பேர், ஒரே உடல் மாதிரி அசைந்தார்கள். ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. கான்கிரீட்டின் அதிர்வு என் செருப்பு வழியாக ஏறியது. பறையாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அதிர்வு புரியும்.

ஒவ்வொரு சங்கத்துக்கும் தனி நடை, தனிக் குரல், தனிக் கைச்சைகை உண்டு. ஏ.கே.ஏ. பெண்கள் ‘ஸ்கீ-வீ’ என்று கீச்சுக் குரலில் கூவுவார்கள். கப்பா ஆல்ஃபா சை ஆண்கள் கைத்தடி சுழற்றுவார்கள். நீங்கள் உறுப்பினர் இல்லையென்றால் அந்தக் குரலையும் சைகையையும் விளையாட்டுக்காகக்கூடச் செய்யாதீர்கள். கைதட்டிப் பாராட்டலாம், அது போதும்.

ராகிங் நடக்கும் என்று கேள்விப்பட்டோம். உண்மையா?

நடந்திருக்கிறது. மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. புதிதாகச் சேர்பவர்களை அடிப்பது, தூங்கவிடாமல் செய்வது என்று பல பத்தாண்டுகள் நடந்தது, உயிர்களும் போயின. 1990ல் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து, சேர்வதற்கு முந்தைய அந்த நீண்ட சோதனைக் காலத்தையே ஒழித்துவிட்டு வேறு சேர்க்கை முறையைக் கொண்டுவந்தன. ஆனாலும் ரகசியமாகச் சில இடங்களில் தொடர்கிறது. வெள்ளையர் சங்கங்களிலும் இதே கொடுமை உண்டு.

ஒன்றாக வாழ்ந்து காட்டுவதற்காகத் தொடங்கிய சங்கத்தில் ஒரு பிள்ளை செத்துப்போவதைவிடப் பெரிய துரோகம் அந்த நிறுவனர்களுக்கு இல்லை. உங்கள் பிள்ளை சேர விரும்பினால் இதை மட்டும் தெளிவாகச் சொல்லிவையுங்கள்: உடம்பில் கைவைத்தால், குடிக்கக் கட்டாயப்படுத்தினால், அங்கேயே எழுந்து வந்துவிடு, எங்களைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை.

தமிழ்ப் பிள்ளைகள் சேரலாமா?

சேரலாம். இனத்தைக் காரணம் காட்டி இவர்கள் யாரையும் ஒதுக்குவதில்லை. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா 1940களிலேயே எல்லா இனத்தவருக்கும் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பும் விஷயம் அல்ல இது. நல்ல மதிப்பெண் வேண்டும், சமூகப் பணி செய்திருக்க வேண்டும். அந்தச் சங்கத்தின் நிகழ்ச்சிகளுக்குப் போய்ப் பழகி, வரலாற்றைப் படித்து, அமைதியாக ஆர்வத்தைத் தெரிவிக்க வேண்டும். சேர்ந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவர்களை எடுக்க மாட்டார்கள். சேர்க்கைக் கட்டணமும் ஆண்டுச் சந்தாவும் கொஞ்சம் அதிகம்தான், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வேலைக்குத் தொடர்பு கிடைக்கும் என்பதற்காக மட்டும் அனுப்பாதீர்கள். கறுப்பின மக்களின் வலியிலிருந்து எழுந்த வீடு அது. அந்த வலியைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் அந்த வீட்டில் இடம்.

தெற்காசியப் பிள்ளைகளுக்கென்றும் தனிச் சங்கங்கள் உருவாகியிருக்கின்றன. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் 1998ல் பெண்களுக்காக கப்பா ஃபை காமாவும், அதே ஆண்டு ஆண்களுக்காக டெல்டா எப்சிலான் சையும் தொடங்கின. கறுப்பினச் சங்கங்கள் போட்ட பாதையில் பின்னால் வந்தவை என்றே இவற்றைச் சொல்லலாம்.

கமலா எப்போது சேர்ந்தார்? ஏ.கே.ஏ. இன்று எவ்வளவு பெரியது?

1986ல், ஹோவர்டில் கடைசி ஆண்டு படிக்கும்போது. எத்தல் ஹெட்ஜ்மனும் தோழிகளும் தொடங்கிய அதே முதல் கிளையில். இன்று ஏ.கே.ஏ.வில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள். 2024 ஜூலையில் டல்லஸில் நடந்த அவர்கள் மாநாட்டில் கமலா பேசியபோது அரங்கு முழுக்க இளஞ்சிவப்பும் பச்சையும்தான்.

2019 ஜனவரியில் அவர் அதிபர் தேர்தலில் போட்டியிடப்போவதாக முதன்முதலில் அறிவித்தபோது நன்கொடைகள் வந்து குவிந்தன. அவற்றில் ஒரு விசித்திரமான தொகை மறுபடி மறுபடி வந்தது: 19 டாலர் 8 சென்ட். ஊருக்கு ஊர், பெயருக்குப் பெயர் வேறு, தொகை மட்டும் அதே 19.08. அனுப்பியவர்கள் ஏ.கே.ஏ. பெண்கள். மைனர் ஹாலில் ஒன்பது மாணவிகள் கூடிய ஆண்டு 1908.